கைமாறி வந்த பொருள்: வன்னிக் குடும்பங்கள் தங்கள் முதுசத்தின் கதையை எழுதி வைக்க ஒரு வழிகாட்டி

வன்னியில் எந்த வீட்டிலும் ஒரு பழைய பொருளைக் காட்டிக் கேளுங்கள். முதலில் வருவது ஓர் ஆணின் பெயர்தான். "அது எங்கட பூட்டன்ரை." "அப்பப்பா மலாயாவிலை இருந்து கொண்டந்தவர்." கேட்டவரும் தலையாட்டிவிட்டு அத்தோடு விட்டுவிடுவார். ஆனால் பாத்திரம், விளக்கு, நகை, பெட்டகம் போன்றவை நம் வீடுகளுக்கு வந்த வழி பெரும்பாலும் சீதன வழி. தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு. பெயர் ஒரு பக்கம் நிற்க, பொருள் இன்னொரு பக்கத்தால் வந்திருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வரும்: பொருள் எங்கே பிறந்தது என்று அலையாதீர்கள், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரிசையைப் பிடியுங்கள். அது கிடைத்தால் கதையின் பொய்யும் மெய்யும் தானாகவே பிரிந்துவிடும்.

1. ஒரே ஒரு பொருளை எடுங்கள்

வீட்டில் உள்ள எல்லாவற்றையும் பட்டியல் போடத் தொடங்கினால் மூன்றாம் நாள் கொப்பியை மூடிவிடுவீர்கள். ஒன்று போதும்.

விலையைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். தங்கம் வன்னியில் மிஞ்சியது குறைவு. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் அரிசிக்கும் மருந்துக்கும் உழவு மெசின் வாடகைக்கும் கரைந்தது அதுதான். மிஞ்சியவை பாக்குவெட்டி, மூக்குப்பேணி (மூக்கு வைத்த குடிக்கும் பாத்திரம்), குத்துவிளக்கு, நெல் அளந்த கொத்து, கையால் சுற்றும் தையல் மெசின், காணி உறுதி, சாதக ஓலை. 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களில் குடியேறிய குடும்பங்களிடம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோ, தோட்டத்தின் இலக்கம் அடித்த தகர டிக்கெட்டோ இருக்கலாம். அந்தத் தகரத் துண்டை ஒரு பெட்டகத்துக்கும் மேலாக மதிப்பேன். ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்பதை அதிலுள்ள இலக்கத்தைக் கொண்டு தேடலாம்.

2. கதை கேட்பதற்கு முன் பொருளைப் பாருங்கள்

இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். கதையை முதலில் கேட்டுவிட்டால் கண் அந்தக் கதையைத்தான் பொருளில் தேடும்.

எங்கள் வீட்டு மூக்குப்பேணியை வைத்தே சொல்கிறேன். பித்தளை, ஒரு சாண் உயரம் வராது. மூக்கு உடலோடு சேரும் இடத்தில் பற்ற வைத்த தடம் தடிப்பாக இருக்கிறது. கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள். நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருட்டான அறையில் வைத்து, போனின் ரோச் லைற்றைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு புள்ளியும் தன் நிழலோடு எழும்பும். வீட்டில் எல்லோரும் அதை 'க.வே' என்றுதான் வாசித்தார்கள், ஏனென்றால் பூட்டனின் பெயர் 'வே'யில் தொடங்கும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலின் பக்கத்தால் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தபோது இரட்டைக் கொம்பு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அது தேய்ந்து போன இடமும் இல்லை. பக்கத்து எழுத்துகள் நன்றாகவே நிற்கின்றன. எழுத்து 'க.வ'. பூட்டியின் பெயர் 'வ'வில் தொடங்கும்.

நீங்களும் இப்படிச் செய்யுங்கள்:

- ஆறு பக்கமும் படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டம் இருக்கட்டும். அடிப்பாகத்தை மறக்க வேண்டாம், அடையாளங்கள் அங்கேதான் அதிகம்.
- உயரம், வாய் அகலம், எடை. எடைக்குக் கடைத் தராசு போதும்.
- காந்தத்தை வைத்துப் பாருங்கள். பித்தளையும் வெண்கலமும் செம்பும் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு.
- ஒட்டுப் போட்ட இடம், மாற்றிய பிடி, நெளிவு, கருகல் எல்லாவற்றையும் குறியுங்கள்.

முக்கியமாக, மினுக்க வேண்டாம். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே பாதி வன்னியின் பெயர்கள் அழிந்து போயின. பளபளப்பை விரும்புகிறவர்கள் படம் எடுத்த பிறகாவது தேயுங்கள்.

சில பொருள்கள் தங்கள் வயதைத் தாங்களே சொல்லும். தங்கப் பவுண் கோத்த பதக்கம் என்றால் நாணயத்தின் முகத்தைப் பாருங்கள். விக்டோரியா என்றால் 1901 வரை, ஏழாம் எட்வர்ட் என்றால் 1910 வரை, அதற்குப் பிறகு ஐந்தாம் ஜோர்ஜ். நாணயத்திலேயே ஆண்டும் இருக்கும். ஆனால் அது நாணயம் அடித்த ஆண்டு. நகை செய்தது அதற்குப் பல வருடம் பின்னாலும் இருக்கலாம். சிங்கர் தையல் மெசினில் தொடர் இலக்கம் குத்தியிருக்கும். 1900க்கு முந்தியவற்றில் வெறும் இலக்கம், பிறகு வந்தவற்றில் இலக்கத்துக்கு முன்னால் எழுத்து. அந்த இலக்கத்தை வைத்து உற்பத்தி ஆண்டைத் தேடலாம். பீங்கானின் அடியில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், அது இரண்டாம் உலகப் போர் முடிந்ததற்கும் 1952க்கும் இடைப்பட்டது. "பூட்டி கலியாணத்துக்கு வந்த கோப்பை" என்ற கதை அங்கே நின்றுவிடும்.

ஓலை என்றால் இரண்டு விஷயம். பழைய ஓலையில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், குறில் நெடில் வேறுபாடும் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். அடுத்து, சாதக ஓலையில் ஆண்டு பெயராகத்தான் இருக்கும். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். 'விகாரி' என்றிருந்தால் அது 1899ஆ 1959ஆ என்பதைப் பிள்ளையின் பிற தகவல்களை வைத்துத்தான் முடிவு செய்யலாம்.

3. கேட்பது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஒரே மூச்சில் முடிக்கவும் கூடாது.

பொருளைக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். மேசையில் இருக்கும் பொருளைப் பற்றிப் பேசும் ஆச்சியும், அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு பேசும் ஆச்சியும் ஒரே ஆள் இல்லை. போனில் ஒலிப்பதிவு போடுவதை முன்பே சொல்லி அனுமதி வாங்குங்கள். வன்னியில் பதிவு, விசாரணை என்ற சொற்களுக்கே பலருக்கு நெஞ்சு இடிக்கும். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், கொப்பியில் எழுதுங்கள்.

"இது எத்தனை வருசம் பழசு?" என்று கேட்காதீர்கள். ஒரு நூறு வருசம் என்று பதில் வரும். எல்லா வீட்டிலும் அதே நூறு. பதிலாக இப்படிக் கேளுங்கள்:

- நீங்கள் முதல் முதல் இதைக் கண்டது எந்த வீட்டில்? வீட்டில் எந்த இடத்தில் இருந்தது?
- அப்போது இதைக் கழுவி வைப்பது யார்? பூட்டி வைப்பது யார்?
- அந்த வீட்டில் யாருக்குக் கலியாணம் நடந்தபோது இது இடம் மாறியது?
- இதை யாரும் கேட்டுச் சண்டை பிடித்தார்களா?
- எப்போதாவது ஈடு வைத்தீர்களா? மீட்டது யார்?

சண்டைக் கேள்வியைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். கைமாறிய வரிசை மிகத் தெளிவாக வெளியே வருவது அந்தக் கேள்வியில்தான். எங்கள் பேணியைப் பற்றி அப்பம்மா, "அது எங்கட ஐயாவுக்குக் கோயில் மணியகாரர் குடுத்தது" என்று பல காலம் சொல்லி வந்தவர். சின்னப் பாட்டி, அதாவது அவருடைய தங்கச்சி, அதே பேணியைப் பார்த்ததும் சொன்னார்: "என்ன மணியகாரர்? இது அம்மாவின்ரை. பருத்தித்துறையிலை இருந்து சீதனத்தோடை வந்தது. ஐயா இதிலை ஒருநாளும் தேத்தண்ணி குடிச்சதில்லை, அவருக்குக் கிளாஸ்தான் வேணும். அக்கா எனக்குத் தராமல் எடுத்தவ, அதுதான் மணியகாரர் கதை."

ஆகவே ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டு எழும்ப வேண்டாம். பொருள் கிடைக்காமல் போன கிளையில் உள்ளவரைத் தேடிப் போங்கள். கிடைத்தவர் கதையை மெருகேற்றுவார், கிடைக்காதவருக்கு விபரம் நினைவிருக்கும். அவர் கனடாவிலோ சுவிஸிலோ இருந்தால் வட்ஸ்அப்பில் படத்தை அனுப்பிவிட்டு, கதையைச் சொல்லாமல், "இது என்னெண்டு தெரியுமா மாமி?" என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பலருக்கு அது பிடிக்காது. மூக்குப்பேணியில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கலாம், ஒரே பேணி பலருக்குப் பொதுவாக ஓடும். அது சுத்தத்துக்கு என்று பெருமையாகச் சொல்வோம். ஆனால் இந்தப் பேணி யாருக்குக் கொடுக்கப்படவில்லை? வேலைக்கு வந்தவருக்குச் சிரட்டையில் ஊற்றிய வீடுகள் யாழ்ப்பாணத்திலும் இருந்தன, வன்னியிலும் இருந்தன. தேநீர்க் கடைகளில் தனிப் பாத்திரம் வைத்த காலம் அது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த பிறகும் பழக்கம் உடனே போய்விடவில்லை. கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் எழுதுங்கள். வராவிட்டால் 'பதில் சொல்லவில்லை' என்று எழுதுங்கள், அதுவும் ஒரு தகவல்தான்.

4. ஆண்டு கட்டுவது

நம் முதியவர்கள் ஆண்டுக் கணக்கில் பேச மாட்டார்கள். இடம்பெயர்வுக் கணக்கில் பேசுவார்கள். "சூறாவளிக்கு முந்தி", "ஆமி வந்தாப் பிறகு", "மல்லாவியிலை இருக்கேக்க." எனவே ஒரு தாளில் கீழ்வரும் காலங்களை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச்சைக் கேளுங்கள்.

இரணைமடுக் குளத்தின் கட்டுமானம் 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது. "குளம் கட்டேக்க அப்பு வந்தவர்" என்றால் அந்த இடைவெளி. 1964 டிசம்பர் சூறாவளி. 1987 அக்டோபரில் இந்திய இராணுவத்தோடு தொடங்கிய சண்டை. 1995 அக்டோபர் 30 வலிகாமத்தின் பெரும் இடப்பெயர்வு, அதன் பின் கிளாலிக் கடல்நீரேரியால் வன்னிக்கு வந்த சனம். 1996 ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை கிளிநொச்சி காலியாகி அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி நிரம்பிய காலம். 1997 மே மாதம் தொடங்கிய ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை. 2002 பெப்ரவரி போர்நிறுத்தம். 2004 டிசம்பர் 26 சுனாமி, முல்லைத்தீவுக் கரையோரத்துக்கு இதுவே பெரிய எல்லைக்கோடு. 2009 ஜனவரியிலிருந்து மே வரை, போரின் கடைசிக் கட்டத்தில் சனம் நகர்ந்த வழி: தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால். பிறகு செட்டிகுளம் முகாம்.

ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரே கேள்வி: அப்போது பொருள் எங்கே இருந்தது, யாரிடம்? பதில் இல்லாத இடத்தில் கோடு போட்டு வெறுமையாக விடுங்கள். வேறொருவர் வந்து நிரப்பலாம்.

கடைசிக் கட்டத்தைக் கேட்கும்போது அவசரப்பட வேண்டாம். பேணி எங்கே போனது என்ற கேள்விக்குப் பிள்ளை எங்கே போனான் என்ற பதில் வரலாம். அந்த நேரம் ஒலிப்பதிவை நிறுத்துங்கள். தேத்தண்ணி போடுங்கள். பொருளின் கதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

5. தாள்களோடு ஒத்துப் பாருங்கள்

வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை 1707 அளவில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். அந்தப் பழைய முறையில் முதுசம் தகப்பன் வழி ஆண்பிள்ளைகளுக்கு, சீதனம் தாய் வழி பெண்பிள்ளைகளுக்கு, மணவாழ்வில் சேர்த்த தேடியதேட்டம் இரு பாலாருக்கும். 1911ஆம் ஆண்டுச் சட்டம் பலவற்றை மாற்றிவிட்டாலும் வீட்டுப் புழக்கத்தில் அந்தப் பிரிவு நெடுங்காலம் நின்றது. எனவே உங்கள் பொருள் இந்த மூன்றில் எதுவாக வந்தது என்று முதலில் தீர்மானியுங்கள். அதற்கேற்பத் தாய் வழியா, தகப்பன் வழியா தேடுவது என்பது தெரிந்துவிடும்.

சீதன உறுதி, நன்கொடை உறுதி, கலியாணப் பதிவு, பிறப்புச் சான்றிதழ், அடகுச் சீட்டு எல்லாம் பயன்படும். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். நொத்தாரிசின் பெயரும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதும் தெரிந்தால் வேலை சுலபம். குடியேற்றத் திட்டக் காணி என்றால் பெரும்பாலும் உறுதி இருக்காது, அனுமதிப்பத்திரம்தான். அது பிரதேச செயலக விஷயம்.

பிரித்தானியரை எதிர்த்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் கதைக்கு ஒரு குறிப்பு. "இந்த வாள் பண்டாரவன்னியன்ரை ஆக்கள் தந்தது" என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் உள்ள கல், கப்டன் வொன் டிறிபேர்க் அவரைத் தோற்கடித்த நாள் 1803 அக்டோபர் 31 என்கிறது. இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, அதாவது ஏழெட்டுத் தலைமுறை. அத்தனை கைகளையும் வரிசையாகச் சொல்ல முடிந்தால் சந்தோசம். முடியாவிட்டால் கதையை அழிக்க வேண்டாம், 'இப்படிச் சொல்கிறார்கள்' என்று மட்டும் எழுதுங்கள்.

6. எழுதுவது

மூன்று பகுதி. முதலில் பொருள்: அளவும் அடையாளமும். இரண்டாவது கைமாறிய வரிசை. மூன்றாவது கதைகள், சொன்னவர் சொன்னபடியே. உங்கள் தீர்ப்பைக் கடைசியில் தனியாக எழுதுங்கள், கதைக்குள் கலக்காதீர்கள்.

எங்கள் பேணியின் இரண்டாம் பகுதி இப்படிப் போகிறது:

*பூட்டி (பருத்தித்துறையிலிருந்து, சீதனமாக. ஆதாரம்: எழுத்து 'க.வ', சின்னப் பாட்டி சொன்னது) → அப்பம்மா (பூட்டி இறந்த பிறகு. தங்கச்சிக்கும் இவருக்கும் மனத்தாங்கல்) → பெரியம்மா (கலியாணத்துக்கு, 1977 கலவரத்துக்குக் கொஞ்சம் முன்) → 2009 ஜனவரி, விசுவமட்டில் கிணற்றடிக்குப் பக்கத்தில் தாட்டது → மீளக்குடியேறிய பின் கிண்டி எடுத்தது, மூக்கு நெளிந்திருந்தது → எங்கள் வீடு.*

பேச்சைத் திருத்தி எழுத வேண்டாம். "கொண்டந்தவர்" என்றால் அப்படியே. ஒவ்வொரு கதைக்கும் கீழே சொன்னவர் யார், எந்த ஊரில், எந்த நாளில், அப்போது கூட இருந்தது யார் என்று குறியுங்கள். கூட இருந்தவர் யார் என்பது அற்பமாகத் தெரியும். மருமகள் பக்கத்தில் இருக்கும்போது மாமி சொல்லும் கதையும் தனியே சொல்லும் கதையும் வேறு.

7. வைப்பது

பித்தளைக்கு இளஞ்சூட்டு நீர், கொஞ்சம் சவர்க்காரம், பருத்தித் துணி, உடனே ஈரம் துடைப்பது. அவ்வளவுதான். தாளுக்குச் செலோரேப் ஒட்டாதீர்கள், லமினேற் செய்யாதீர்கள். உள்ளே மாட்டிய ஈரமும் பூஞ்சணமும் பிறகு வெளியே வராது. ஓலையை எண்ணெய் போட்டு நீங்களே துடைக்க வேண்டாம், தெரிந்தவரிடம் விடுங்கள்.

கறையானும் மாரியும்தான் நமக்குப் பெரிய எதிரிகள். பெட்டி நிலத்தில் இருக்கக் கூடாது, சுவரிலும் முட்டக் கூடாது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஓரிரவில் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. இடுப்புக்கு மேலே உள்ள தட்டில் வைத்தவர்களுக்குத் தாள் மிஞ்சியது.

படங்களையும் ஒலிப்பதிவையும் ஒரே போனில் வைத்திருக்காதீர்கள். ஒரு பிரதி வெளிநாட்டில் உள்ள உறவினரிடம், ஒன்று இணையச் சேமிப்பில், எழுதிய கொப்பியின் போட்டோப்பிரதி இன்னொரு கிளை வீட்டில். ஓலைச்சுவடி, பழைய கடிதம், கணக்குக் கொப்பி போன்றவை என்றால், 2005இலிருந்து இயங்கும் நூலகம் நிறுவனம் இத்தகைய ஆவணங்களை மின்வடிவாக்கி வருகிறது. மூலத்தை உங்களிடமே வைத்துக்கொண்டு பிரதி எடுக்க விடுவது பற்றி அவர்களோடு பேசலாம்.

8. வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால்

"தங்கச்சி லண்டனிலை இருந்து வந்திருக்கிறாள், பெட்டிக்குள்ளை வைச்சு விடுவம்" என்று செய்யாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் 1988இன் 73ஆம் இலக்கப் பண்பாட்டு ஆதனச் சட்டமும் பழம்பொருளை அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேற்றுவதைத் தடுக்கின்றன. உங்கள் பொருள் அதற்குள் வருமா என்பதை முன்கூட்டியே தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் நின்று விளக்கம் சொல்வதை விட அது சுலபம்.

9. பொருளே இல்லை என்றால்

வன்னியில் இதுதான் பலருடைய நிலைமை, அதற்காக விட்டுவிட வேண்டாம். "எவ்வளவு உயரம் ஆச்சி?" என்று கேளுங்கள். இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். அந்த இடைவெளியை ரேப்பால் அளந்து எழுதுங்கள். வாய் அகலத்துக்கும் அப்படியே. அடுத்த கிழமை இன்னொருமுறை கேட்டு அளந்தால் பெரும்பாலும் நெருங்கி வரும், கை மறப்பதில்லை. பக்கத்து வீட்டிலோ கோயிலிலோ அதுபோல ஒன்று இருந்தால் கொண்டு வந்து காட்டி, எங்கே வித்தியாசம் என்று கேளுங்கள். "இதை விட மூக்கு நீளம்", "எங்கடதிலை வளையம் ரெண்டு" என்று வரும். ஒரு பிள்ளையைக் கொண்டு படம் கீறச் சொல்லுங்கள்.

தாட்ட இடம் தெரியும், இன்னும் எடுக்கவில்லை என்றால் நீங்களே மண்வெட்டியோடு இறங்காதீர்கள். கண்ணிவெடி அகற்றிய காணிதானா என்பதைக் கிராம அலுவலரிடம் முதலில் உறுதி செய்யுங்கள். அவருக்குத் தெரிய வைத்துவிட்டுப் பகலில் கிண்டுவது இன்னொரு விதத்திலும் நல்லது. புதையல் தோண்டுகிறார்கள் என்று யாராவது பொலிசுக்குச் சொன்னால் உங்கள் சொந்தக் கிடாரத்துக்கு நீங்களே நீதிமன்றம் போக வேண்டி வரும். எடுத்துவிட்டால் இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள். மண்ணைக் கழுவ முன் ஒரு படம்.